இருபத்திமூன்றாம் வளைவு

காலை ஐந்தரைக்கு நயினார் எழுந்தான். மோட்டார் போட்டான். மாடித் தொட்டி நிரம்ப இருபது நிமிடம். அதற்குள் பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். முந்தின நாள் வாங்கிய ரொட்டியில் நான்கு துண்டு தின்றான். வாசலுக்கு வந்து ஸ்கூட்டரைத் துடைத்தான். கருமேனி அனல்மின் நிலையக் குடியிருப்பில் எதை வெளியே விட்டாலும் விடியும்போது அதன்மேல் சாம்பல் படிந்திருக்கும். முதலில் காய்ந்த துணி, பிறகு ஈரத்துணி. முறை மாறினால் சேறாகிவிடும். தொட்டி வழியும் சத்தம் கேட்டது. மோட்டாரை நிறுத்தினான்.

பதினான்கு வாரமாக இதே வரிசைதான். இன்று கூடுதலாகச் சட்டைக்கு இஸ்திரி போட்டான். பத்து மணிக்கு விசாரணை. மனைவி பிரம்மசக்தி எப்படிச் செத்தாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஐந்நூற்று நாற்பது டிகிரி நீராவி. யாரால் என்பதுதான் விசாரணை.

பீரோவின் மேல்தட்டிலிருந்து நீல மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

நிலையத்தின் இரண்டாம் பாய்லரிலிருந்து டர்பைனுக்கு நீராவி கொண்டுபோகும் குழாய் ஒன்று உண்டு. இருபத்தாறு வருடம் ஓடிய குழாய். இருபத்திரண்டு வளைவு. அதே குழாய் கணினிக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே இருக்கும் குழாய்க்கு எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம் என்பதை வாங்கிக்கொண்டு, எஃகுக்குள் எந்த இடத்தில் எத்தனை நுண்குழி விழுந்திருக்கும் என்று மணிக்கு மணி கணித்துச் சொல்லும். எல்லோரும் அதை இரட்டை என்றார்கள். மூன்று வருடத்துக்கு முன் வந்த சட்டத்தின்படி, இரட்டையின் சொல் நேரில் பார்த்தவரின் சொல்லுக்குச் சமம்.

அதை எழுதியவன் நயினார். நேரில் பார்க்கும் வேலை பிரம்மசக்தியுடையது.

கல்யாணமான புதிதில் நயினாரின் தங்கை அவளிடம் கேட்டாள்: "இரும்புல எப்படி மதினி குழி விழும்? சொத்தைப் பல்லா அது?"

பிரம்மசக்தி ஒரு கருப்பட்டித் துண்டை உடைத்து அவள் கையில் வைத்தாள். "உள்ள மணிமணியா இருக்குல்லா? இரும்பும் அப்படித்தாம்ட்டி. மணிக்கும் மணிக்கும் நடுவுல ஒரு ஓரம் இருக்கும். சூட்டுல வச்சு வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டே இருந்தா, அந்த ஓரத்துல புள்ளி புள்ளியா வெத்திடம் விழும். தலைமுடிக் கனத்துல நூத்துல ஒரு பங்கு."

"இத்தினிக்கூண்டுக்கா இந்தப் பாடு?"

"ஒத்தக் குழி ஒண்ணும் செய்யாது. பத்து இருந்தாலும் பரவாயில்ல. வரிசையில நிக்க ஆரம்பிச்சா பயப்படணும். கை கோத்துக்கிச்சுன்னா ஓடணும்."

அதைப் பார்க்க ஒரே வழி, நிலையத்தை நிறுத்திக் குழாய் ஆறிய பிறகு ஏறுவது. வளைவின் மேல் ஓரிடத்தைக் கண்ணாடிபோலத் தேய்த்து, அமிலம் தடவி, மெல்லிய பிலிமை நனைத்துப் பெருவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். காய்ந்ததும் உரித்தால் எஃகின் ரேகை பிலிமில் வந்துவிடும். ஒவ்வோரிடத்திலும் இரண்டு முறை உரிப்பார்கள். முதல் பிலிம் அழுக்கைத் தூக்கும்; அது குப்பைக்கு. இரண்டாவதுதான் நுண்ணோக்கிக்குப் போகும்.

குழாயில் கணிக்க வேண்டிய இடங்கள் ஆயிரத்து நூற்று நாற்பது. பிலிம் எடுக்க முடிந்தது அறுபத்திரண்டில். மிச்சத்தை இரட்டை தானே நிரப்பிக்கொள்ளும். பக்கத்து இடங்கள் நன்றாக இருந்தால் நடு இடமும் நன்றாகத்தான் இருக்கும். நேற்றுவரை நன்றாக இருந்தது இன்றும் நன்றாக இருக்கும். நயினார் எழுதிய விதி அது. கணிப்பு அழகாகப் பொருந்தியது. பொருந்தியதைப் பார்த்த நிர்வாகம் அறுபத்திரண்டை ஒன்பதாக்கியது. நிலையத்தை நிறுத்தும் நாட்கள் குறைந்தன. நயினாருக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

"கேடயத்த எங்க வைக்கப் போறீங்க?" என்று கேட்டாள் பிரம்மசக்தி. "சாம்பல் படியாத இடமாப் பாத்து வைங்க அத்தான். தொடைக்க எனக்கு நேரம் இருக்கு. குழாய் மேல ஏறுத வேலைய நீங்கதான் குறைச்சிட்டியளே."

போன முறை நிலையத்தை நிறுத்தியபோது பதினேழாம் வளைவு பட்டியலில் இல்லை. இருந்தும் ஏறி எடுத்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னாள்.

"பதினேழுல கை கோத்து நிக்குது."

"இரட்டை என்ன சொல்லுது?"

"நான் ஏத்தின அளவ உங்க இரட்டை அழிச்சிட்டு. பிறழ்ந்த அளவு, நீக்கப்பட்டதுன்னு ஒரு வரி வருது. நான் என்னத்தப் பிறழ்ந்தேன்?"

"ஒரு பிலிம்தான ஏட்டி? ஆசிட் கூடிருக்கும். கூடுனா குழி மாதிரித்தான் தெரியும். அடுத்த தடவை இன்னொருக்க எடு."

அவள் அவனை ஒருமுறை பார்த்தாள். "மோர் ஊத்தவா?" என்றாள்.

அடுத்த தடவை வரவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே முக்காலுக்குப் பதினேழாம் வளைவு கிழிந்தது. அவளும், சாரத்தில் நின்று குழாய்க்கு வெப்பக்காப்பு கட்டிக்கொண்டிருந்த சந்தனகுமார், மூக்காண்டி இருவரும் செத்தார்கள். அந்த நேரத்தில் நயினார் ஹைதராபாத்தில் ஓர் ஓட்டல் அரங்கில், இரட்டையை வாங்க வந்தவர்களுக்குப் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். திரையில் பதினேழாம் வளைவு பச்சையாக இருந்தது.

ஊழியர் மனமகிழ் மன்றத்தில் விசாரணை. கேரம் பலகைகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். வாசலிலேயே தலைமைப் பொறியாளர் ரகோத்தமன் காத்திருந்தார். தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"சாப்பிட்டீங்களா நயினார்?"

"சாப்பிட்டேன் சார்."

"இங்க பாருங்க, யாரும் யாரையும் குத்தம் சொல்லப் போறதில்ல. மனிதக் கணிப்பில் நேர்ந்த பிழை. நாலே வார்த்தை. அதுக்குக் கீழ, இரட்டை சரியா இயங்கிச்சுன்னு உங்க கையெழுத்து. இன்னும் இருபத்திமூணு நிலையத்துக்குப் போகப் போற விஷயம் இது. உங்க உழைப்பு. வீணாப் போகக் கூடாது பாருங்க."

"மனிதக் கணிப்புன்னா எந்த மனிதர் சார்?"

"பேரு வராது. ஆய்வாளர்னுதான் வரும்."

"ஆய்வாளர் ஒருத்திதான் சார் இருந்தா."

ரகோத்தமன் கையை எடுத்துக்கொண்டார். "சக்தி எனக்குப் பொண்ணு மாதிரி" என்றார்.

நயினாருக்குக் கோபம் வரவில்லை. பதினான்கு வாரமாக எதுவும் வரவில்லை. வரும் என்று மனசுக்குள் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தான், அவ்வளவுதான்.

உள்ளே முன்வரிசையில் சந்தனகுமாரின் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவளிடம், அவன் காதில் விழும்படியே சொன்னாள்: "வாராம் பாரு. ஓட்டலாம்னு சொல்லி எம்புள்ளய அவிச்ச மகராசிக்குப் புருசன்."

பத்திரிகையில் அப்படித்தான் வந்திருந்தது. வாக்கிடாக்கிப் பேச்செல்லாம் நிலையத்தில் பதிவாகும். அன்றைய பதிவில் பிரம்மசக்தியின் குரல், 'அண்ணாச்சி, பதினேழுல சத்தம் வருது' என்று தொடங்கும். அதற்குப் பிறகு பத்தொன்பது விநாடி வெறும் இரைச்சல். அந்த இரைச்சலை இப்போது நிரப்பிவிட்டார்கள்.

விசாரணை அதிகாரி புஷ்பலீலா, பாய்லர் ஆய்வுத் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த அம்மாள். பேசுவதையெல்லாம் தானே எழுத்தாக்கும் திரை ஒன்று அவருக்குப் பின்னால் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது.

ரகோத்தமன் எழுந்து விளக்கினார். "மேடம், இறந்துபோன ஆய்வாளரோட மூணு வருஷப் பேச்சு எங்ககிட்ட இருக்கு. அவங்க எப்படிப் பேசுவாங்க, எந்தச் சூழல்ல என்ன சொல்வாங்கன்னு அதுல இருந்து கத்துக்கிட்ட இரட்டை இது. விடுபட்ட பத்தொன்பது விநாடிய இதுதான் மீட்டுக் கொடுத்திருக்கு. நீங்களே கேள்வி கேக்கலாம். அடிப்படை எல்லாம் நம்ம நயினார் எழுதினதுதான்."

நயினாருக்கு அது புதுச் செய்தி.

புஷ்பலீலா மேஜைமேல் இருந்த ஒலிப்பெட்டியைப் பார்த்துக் கேட்டார்: "அன்னைக்கு கண்ட்ரோல் ரூமுக்கு என்ன சொன்னீங்க?"

"பதினேழாம் வளைவில் சத்தம் கேட்டது. ஆராய்ந்து பார்த்தேன். அது சாதாரணமான சத்தமே. தொடர்ந்து ஓட்டலாம் என்று தெரிவித்தேன்."

அவள் குரல். மூக்கடைப்பின் அந்தச் சின்னக் கரகரப்புகூட இருந்தது. மண்டபத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். சந்தனகுமாரின் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

நயினார் உள்ளங்கையைப் பார்த்தான். தெரிவித்தேன். பிரம்மசக்தி வாழ்நாளில் யாருக்கும் எதையும் தெரிவித்ததில்லை. சொல்லுவாள். செத்தவளைத் தோண்டி எடுத்து, வாயைக் கழுவி, தலை வாரி, சாட்சிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறார்கள். அவளைக் கொன்றதற்கு அவளையே சாட்சியாக்கியிருக்கிறார்கள். காலியாக வைத்திருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தது கோபம்.

"நயினார், நீங்க குழாய் இரட்டை சரியா இயங்கிச்சுன்னு சான்று கொடுக்கணும்" என்றார் புஷ்பலீலா.

"அதுக்கு முன்னாடி நானும் இந்தப் பெட்டிகிட்ட ஒண்ணு கேக்கலாமா மேடம்?"

"கேளுங்க."

ரகோத்தமன் பாதி எழுந்தார். அதிகாரி கையமர்த்தினார்.

நயினார் ஒலிப்பெட்டியின் பக்கம் போனான். அதை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

"போன தடவை நிறுத்தினப்போ இருபத்திமூணாம் வளைவுல என்ன பாத்தீங்க?"

"இருபத்திமூன்றாம் வளைவில் இரண்டு பிலிம் எடுத்தேன். தனித்தனிக் குழிகள் சில இருந்தன. வரிசை இல்லை. ஓட்டலாம்."

"சத்தம் ஏதாவது?"

"இருபத்திமூன்றாம் வளைவில் சத்தம் எதுவும் இல்லை. ஓட்டலாம்."

பின்வரிசையில் தொழிலாளர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தேவிட்டார். "எல இவனே, இருபத்திரண்டோட டர்பைன் வந்துரும்லா?"

"அந்தக் குழாய்ல இருபத்திரண்டு வளைவுதான் மேடம்" என்றான் நயினார். "இல்லாத வளைவுக்கும் ஓட்டலாம்னு சொல்லுது."

புஷ்பலீலா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் அப்படி?"

"மூணு வருஷத்துல அவ ஆயிரத்து முந்நூறு தடவை கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டிருக்கா. ஆயிரத்து இருநூத்தித் தொண்ணூறு தடவை, பாத்துட்டேன், ஓட்டலாம்னு முடிச்சிருப்பா. இதுக்கு அவ தெரியாது. அந்த ஓட்டலாம் மட்டும்தான் தெரியும். வெத்திடம் இருந்தா நேத்து இருந்ததப் போட்டு நிரப்பிரும்."

"இந்த ஒரு கேள்வில ஏதோ கோளாறு…" என்று தொடங்கினார் ரகோத்தமன்.

"கோளாறு இல்ல சார். நான் எழுதின விதி. இதே விதிதான் குழாய்க்கும்." டப்பாவைத் திறந்தான். கண்ணாடித் துண்டில் ஒட்டிய பிலிம். ஓரத்தில் அவள் பெருவிரல் ரேகை பதிந்திருந்தது. பால்பாயிண்ட் பேனாவில் தேதியும் பதினேழு என்ற எண்ணும். "பதினேழுல அவ எடுத்த ரெண்டாவது பிலிம் ஆபீஸ்ல காணாமப் போச்சு. இது குப்பையில போடுத முதல் பிலிம். அவ போடல. அழுக்குலயே தெரியுது மேடம். வரிசையா, கை கோத்து நிக்குது. அவ செத்துப் பதினாறாவது நாள்தான் நான் இத லென்ஸுல வச்சுப் பாத்தேன்."

"உயிரோட இருக்கும்போது காட்டலியா?"

"சொன்னா, நான்தான் வாங்கிப் பாக்கல. ஆசிட் கூடிருக்கும்னு சொன்னேன்."

புஷ்பலீலா அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"எழுதிக்கிடுங்க மேடம். அவ ஏத்தின அளவு மத்த ஆயிரத்தோட பொருந்தல. பொருந்தாதத அழிக்கச் சொல்லி விதி எழுதினது நான். அறுபத்திரண்ட ஒன்பதாக்கினது நிர்வாகம். அந்தக் கூட்டத்துல நானும் இருந்தேன், டீ குடிச்சேன், ஒண்ணும் சொல்லல. குழியே இல்லாத எடத்துல குழி பாத்தவ இல்ல அவ. நாங்கதான் இருந்த குழிய மூடி விட்டோம். இப்ப அவ வாயையும் நிரப்பியாச்சு. நான் சான்று கொடுக்க மாட்டேன்."

"அப்ப உண்மையில அவங்க என்னதான் சொன்னாங்க?"

"தெரியாது மேடம். நான் ஊருலயே இல்ல."

அப்போது பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. லூர்து எழுந்தார். அன்று கண்ட்ரோல் ரூமில் வாக்கிடாக்கியைக் கையில் வைத்திருந்தவர். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. 'குரல் இரட்டை சொல்வது என் நினைவோடு ஒத்துப்போகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். இந்தப் பதினான்கு வாரமும் கடைத்தெருவில் நயினாரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

"நான் போட்ட கையெழுத்து பொய் மேடம்."

"லூர்து, உட்காருங்க" என்றார் ரகோத்தமன்.

"இருங்க சார், நின்னுக்கிட்டு சொன்னாத்தான் எனக்கு வரும். பதிவுலதான் இரைச்சல். எங்காதுல நல்லாவே விழுந்துச்சு. இருபத்தெட்டு வருஷமா அந்த இரைச்சலுக்குள்ளதான கேட்டுக்கிட்டிருக்கேன்?"

சுவர்த்திரையில் எழுத்து ஓடியது: 'பதிவில் இரைச்சல் இருந்தபோதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.' புஷ்பலீலா திரும்பிப் பார்த்தார். "அத அணைங்க. எதையும் திருத்த வேண்டாம். நான் கையால எழுதிக்கிடுதேன்." நோட்டைத் திறந்தார். "சொல்லுங்க."

"உடனே லோடை இறக்குங்க அண்ணாச்சின்னு சொல்லிச்சு அந்தப் புள்ள. எங்க சட்டம் என்னன்னா, இரட்டை பச்சை காட்டுதப்போ லோடை இறக்கி நீராவியக் குறைக்கணும்னா சீஃப் சார் அனுமதி வேணும். எஞ்செல்போனுல இருந்து சாரைக் கூப்பிட்டேன். பொறு, இரட்டைய இன்னொரு தடவை ஓட்டிப் பாப்போம்னாரு. நாலு நிமிஷம் லைன்லயே நின்னேன். அந்த நாலாவது நிமிஷந்தான்…" நிறுத்தி, உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

ரகோத்தமன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தனகுமாரின் அம்மா கேட்டாள்: "அந்த நாலு நிமிஷம் அவ என்ன செஞ்சா?"

"ஒம்மவனைத்தான் தாயி இறக்கப் போச்சு. சாரத்துல ரெண்டு பேரு நிக்காங்க, நான் போயி இறக்குதேன்னு சொல்லிட்டுத்தான் போச்சு. எறங்கி ஓடிருந்தா அது பொழச்சிருக்கும்."

அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"இத ஏன் இம்புட்டு நாள் சொல்லல?" என்றார் புஷ்பலீலா, எழுதுவதை நிறுத்தாமல்.

"பயந்தேன். பென்ஷன், அது இதுன்னு. அது ஒண்ணு." லூர்து நயினாரின் பக்கம் திரும்பினார். முதல்முறையாக அவன் கண்ணைப் பார்த்தார். "இன்னொண்ணு, இந்தத் தம்பிக்காக. கடைசியா அது சொன்னத இவரு கேக்க வேண்டாம்னு நெனைச்சேன்."

"கேக்கேன் அண்ணாச்சி" என்றான் நயினார். "சொல்லுங்க."

"சாரத்துக்குப் போறதுக்கு முன்னாடி, நான் ஒண்ணு சொன்னேன் தம்பி. சத்தியமா நல்லதுக்குத்தான் சொன்னேன். தாயி, இரட்டை பச்சையால்லா காட்டுது, நீ எதுக்குப் பதறுதன்னேன். அதுக்குச் சிரிச்ச மாதிரித்தான் இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டே சொல்லிச்சு."

புஷ்பலீலா பேனாவை அப்படியே பிடித்திருந்தார். லூர்து அந்தக் குரலை நினைவில் தேடுவதுபோலத் தலையைச் சாய்த்தார். பிறகு ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் சொன்னார்.

"அது எங்க வீட்டுக்காரர் எழுதினது அண்ணாச்சி. அவர்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீங்க இறக்குங்க."